கார்டைக் குறை சொல்லும் முன் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பாருங்கள்

“புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன், டிஸ்ப்ளேயே வரல. கார்டு டெட் போல.” சர்வீஸுக்கு வருகிறவர்களில் பலர் இப்படித் தீர்ப்போடுதான் வருகிறார்கள். அந்தக் கார்டை வேறொரு சிஸ்டத்தில் செருகினால் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். கோளாறு அது போய் உட்கார்ந்த பெட்டியில் இருக்கும்.

பிராண்டட் டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையை, அளந்துதான் வைத்திருப்பார்கள். விற்கும்போது உள்ளே என்ன இருக்கிறதோ அதற்குப் போதும், கூடவே கொஞ்சம் மிச்சம். அலுவலக ரக மாடல்களில் 180 முதல் 300 வாட் வரைதான் சாதாரணமாகப் பார்க்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 பின், 8 பின் கேபிள் பலவற்றில் இருக்கவே இருக்காது. கார்டு வாங்கும் முன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மொத்த வாட் எண்ணைவிட, லேபிளில் +12V என்று போட்டிருக்கும் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பதே முக்கியம், ஏனென்றால் கார்டு குடிப்பது கிட்டத்தட்ட முழுவதும் அந்த வரிசையிலிருந்துதான். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 216 வாட். அதில் பிராசஸருக்கும் பங்கு உண்டு.

கேபிள் இல்லை என்றதும் பலர் தேடிப் போவது சாட்டா கன்வெர்ட்டர், அதாவது ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா பவர் கனெக்டரை 6 பின் அல்லது 8 பின்னாக மாற்றும் ஒயர். இதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஒரு சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். 6 பின் கேட்கக்கூடியது 75 வாட், 8 பின் என்றால் 150. கேம் ஆடாதவரை எதுவும் தெரியாது. ஆட ஆரம்பித்ததும் கனெக்டர் சூடேறும். அப்படி உருகிய ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், மஞ்சள் ஒயரின் உறை கனெக்டர் பக்கம் பழுப்பேறி விறைத்திருக்கும், கறுப்புப் பிளாஸ்டிக் பின்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் இரண்டும் சேர்ந்தே வரும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. “கார்டு பெட்டியிலேயே கொடுத்தாங்களே” என்று சிலர் சொல்வார்கள். யார் கொடுத்தாலும் கணக்கு மாறாது.

சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே? அதற்கு முன் மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரில் பின்களை எண்ணுங்கள். 24 இருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் (பொது அளவு) எஸ்எம்பிஎஸ் பொருந்தும் என்று ஓரளவு நம்பலாம், அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 6, 8, 10 என்று குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம். அந்த நிலையில் தனி கேபிளே கேட்காத கார்டுதான் என் சிபாரிசு. 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 சுமார் 70 வாட்டில், மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் தரும் மின்சாரத்திலேயே ஓடிவிடும். ஸ்லாட்டின் உச்சவரம்பு 75 வாட். சில பழைய குட்டிப் பெட்டிகளில் அதுவும் முழுதாகக் கிடைக்காது, சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். பெட்டி ஒல்லியாக இருந்தால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு மட்டுமே நுழையும்.

டிஸ்ப்ளே வராததற்குச் சிரிப்பு வரவழைக்கும் காரணமும் ஒன்று உண்டு: மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டிலேயே செருகியிருக்கும். அதைக் கார்டுக்கு மாற்றுங்கள். அப்புறம் கார்டைக் கழற்றி, ஸ்லாட் கொக்கி ‘க்ளிக்’ என்று விழும்வரை திரும்ப அழுத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் பயாஸ், அதாவது கணினியைத் துவக்கும் மதர்போர்டு மென்பொருள். பழைய சிஸ்டம் லெகசி என்ற பழைய முறையில் மட்டும் துவங்குகிறது என்றால், புதிய கார்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை இல்லாமல் படம் காட்டாமல் போகலாம். பழைய கார்டையோ ஆன்போர்டு டிஸ்ப்ளேவையோ வைத்து உள்ளே போய் பயாஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். பெயரின் கடைசியில் எஃப் உள்ள இன்டெல் பிராசஸரில் ஆன்போர்டு டிஸ்ப்ளே கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

டெஸ்க்டாப் நன்றாக வருகிறது, கேம் ஆடும்போது மட்டும் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் என் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல்தான். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சிஸ்டம் முறையாக நிறுத்தப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் நின்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது. நிற்காவிட்டாலும் அது தப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை, கண நேரத்தில் எகிறும் தேவையை இந்த லிமிட் முழுதாகத் தடுக்காது. திரை கறுத்துத் திரும்புவதும் கோடு விழுவதும் டிரைவர் சிக்கலாகவும் இருக்கலாம். சேஃப் மோடில் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கடைசியாக, மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்களுக்கு: பழைய யூனிட்டின் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான வரையறை இல்லை. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தலாம், ஆனால் ஆன் செய்ததும் ஹார்டு டிஸ்க் போய்விடக்கூடும்.