மருந்துச் சீட்டில் ஒளிந்திருக்கும் லத்தீன்

போன வருடம் ஒரு கல்லூரிப் பையன் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தான். தாத்தாவுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து இன்னும் தீரவில்லை, தொடர்ந்து போடலாமா என்று கேட்டான். கண் நீர் அழுத்தத்துக்கான லேட்டனோப்ரோஸ்ட். திறந்து நான்கு வாரம் ஆனால் மீதி இருந்தாலும் தூக்கிப்போட வேண்டிய மருந்து. அவன் வாங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. எப்படித் தீராமல் இருக்கும்? "வலது கண்ணுக்கு மட்டும்தானே அண்ணா போடுறோம்" என்றான்.

சீட்டில் 'ஓ.டி.' என்று இருந்திருக்கிறது. செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறான். 'ஓக்குலஸ் டெக்ஸ்டர்', லத்தீனில் வலது கண். அவன் தேடியதில் தப்பே இல்லை. கண்ணாடிக்கு எழுதித் தரும் சீட்டில் அந்த இரண்டு எழுத்துக்கு அதுதான் பொருள். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் எழுதியது 'ஓம்னி டியே', அதாவது தினம் ஒரு வேளை. இரண்டு கண்ணுக்கும் என்று வாயால் சொல்லியிருக்கிறார், தாத்தா மறந்துவிட்டார். நானும் கவரில் 'இரவு ஒரு சொட்டு' என்று எழுதினேனே தவிர, எந்தக் கண் என்று கேட்கவில்லை. இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, பார்வை ஓரத்திலிருந்து மெல்லக் குறையும். இடது கண் ஏழு வாரம் மருந்தில்லாமல் கிடந்தது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஐரோப்பிய மருத்துவம் பல நூற்றாண்டுகள் லத்தீனில்தான் படிக்கப்பட்டது. 1618-இல் லண்டனில் வந்த அதிகாரப்பூர்வ மருந்து நூலும் லத்தீன்தான். 1864-இல் பிரிட்டிஷ் ஃபார்மகோபியா என்ற மருந்து நூல் ஆங்கிலத்தில் வந்தது, ஆனால் சீட்டில் எழுதும் சுருக்கெழுத்துகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. சீட்டின் தலையில் போடும் 'ஆர்.எக்ஸ்.' கூட 'ரெசிபே', 'எடுத்துக்கொள்' என்ற லத்தீன் சொல்தான். 'பி.டி.' இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'எச்.எஸ்.' படுக்கப் போகும்போது, 'ஏ.சி.' சாப்பாட்டுக்கு முன், 'பி.சி.' சாப்பிட்ட பின். இவற்றில் பெரிய குழப்பம் வருவதில்லை.

குழப்பம் 'எஸ்.ஓ.எஸ்.'-இல் வருகிறது. கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாயக் குறிப்பு என்றுதான் பலருக்கும் தெரியும். அதனால் 'அவசரம், உடனே போட்டாக வேண்டும்' என்று நினைத்து, காய்ச்சல் விட்ட பிறகும் வேளை தவறாமல் பாராசிட்டமால் விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது 'சி ஓபுஸ் சிட்', தேவைப்பட்டால் மட்டும். தேவைப்பட்டால் எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்பதை அந்த மூன்று எழுத்து சொல்லாது. பெரியவர்களுக்கே பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரல் பாதிக்கும். பல சளி மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கிறது. அதனால் சீட்டில் எஸ்.ஓ.எஸ். பார்த்தால், "ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை?" என்று டாக்டரையோ மருந்தாளரையோ கட்டாயம் கேளுங்கள். கூட்டமாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-இலேயே சில சுருக்கெழுத்துகளை எழுதவே கூடாது என்று பட்டியல் போட்டது. தினமும் என்பதற்கான 'கியூ.டி.'யும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கான 'கியூ.ஓ.டி.'யும் அதில் உண்டு. நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நம் நாட்டில் 2016-இல் மருத்துவக் கவுன்சில், மருந்தின் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. நல்ல விஷயம். வேளையையும் அப்படியே முழுச் சொல்லில் எழுதினால் என்ன என்பது என் ஆசை.

நான் அதிகம் பயப்படுவது மெத்தோட்ரெக்சேட்டுக்கு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரே நாள் தரும் மருந்து. கை பழக்கத்தில் 'ஓ.டி.' என்று விழுந்து, தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தி சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த மாத்திரை கேட்டு யார் வந்தாலும், "அம்மா, எந்தக் கிழமை போடுறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையை எடுப்பேன். கிழமை சொல்லத் தெரியாவிட்டால் டாக்டருக்குப் போன். அப்புறம் கவரில் லத்தீனும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. சிவப்பு மையில் 'ஞாயிறு மட்டும்'.