செத்த பற்றறி மணிக்கூட்டில் ஓடுவது எப்படி?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "தம்பி, பிரஷர் பார்க்கிற மெஷினுக்கு நாலு பென்டோர்ச் பற்றறி வேண்டும். கொஞ்ச நாளில் பற்றறி முடிந்தது என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. எறிய மனமில்லாமல் அதில் ஒன்றைச் சுவர் மணிக்கூட்டில் போட்டேன். மாதக்கணக்கில் ஓடுகிறது. அப்போ அது செத்த பற்றறியா, இல்லையா?"

பிரஷர் மெஷினுக்குச் செத்துவிட்டது. மணிக்கூட்டுக்கு இன்னும் நல்ல பற்றறிதான்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நாகம் என்ற உலோகம் இலத்திரனை விடும், மங்கனீசு ஈரொட்சைட்டு அதை வாங்கும், இடையில் ஈரமான பசை. 1866 இல் லெக்லாஞ்சி என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த கூட்டு இதுதான். மலிவான பற்றறியில் நாகமே குவளை, நடுவில் கரிக்கோல். அல்கலைனில் நாகம் தூளாக இருக்கும், பசையில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு இருக்கும். இரண்டிலும் வெளியே வருவது 1.5 வோல்ற்று.

அடுத்தது அகத்தடை, அதாவது பற்றறிக்குள்ளேயே மின்னை மறிக்கிற தடை. பாதி தேய்ந்த பற்றறிக்குள் 1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் மெஷினின் பம்ப் கைப்பட்டியில் காற்றடிக்கும்போது சில நூறு மில்லியம்பியர் இழுக்கும். 400 என்றால், ஒவ்வொரு பற்றறிக்குள்ளும் 0.4 வோல்ற்று வீணாகும். நாலிலும் சேர்த்து 1.6 வோல்ற்று போய்விட்டால் மெஷின் கைவிரித்துவிடும். மணிக்கூடு சராசரியாக ஒரு மில்லியம்பியர்கூட இழுப்பதில்லை. அதற்கு அந்த 1 ஓம் இருப்பதே தெரியாது.

இத்தோடு நிறுத்தினாலும் பதில் சரிதான். ஆனால் எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது.

ஒரு மல்ரிமீற்றரை எடுத்து, மெஷின் ஒதுக்கிய பற்றறியை அளந்து பாருங்கள். 1.3 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும், ஏனென்றால் மீற்றர் மின்னை இழுப்பதே இல்லை எனலாம். இப்போது 10 ஓம் தடையி ஒன்றைக் குறுக்கே பிடியுங்கள். எண் பட்டென்று விழும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். தடையியை எடுத்ததும் பட்டென்று கொஞ்சம் ஏறும், அப்புறம் கடைசி இலக்கம் ஒவ்வொன்றாக ஊர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். பட்டென்ற ஏற்றம் அகத்தடையின் வேலை. அந்த ஊர்தல்தான் அதிசயம்.

மங்கனீசு ஈரொட்சைட்டு ஒரு கறுப்புத் தூள். அதன் ஒவ்வொரு மணியும் சிறு பளிங்குகளால் ஆனது, பளிங்குக்குள் ஒடுங்கிய சுரங்கங்கள். வெளிச்சுற்று வழியாக ஓர் இலத்திரன் மணிக்குள் வரும்போது, மின்னேற்றத்தைச் சமப்படுத்தப் பசையிலிருந்து நேரேற்றமுள்ள ஒரு புரோத்தனும் மேற்பரப்பில் நுழையும். நுழைந்தது ஒட்சிசனிலிருந்து ஒட்சிசனுக்குத் தாவித் தாவி உள்ளே போகவேண்டும். திண்மத்துக்குள் நடக்கும் இந்தப் பரவல் மிக மெதுவானது. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்த சனம் வாசலிலேயே நின்றுகொண்டால், உள்வீதி வெறுமையாகக் கிடந்தாலும் பின்னால் வருகிறவர் நுழைய முடியாது. பம்ப் அவசரமாக இழுக்கும்போது மணியின் மேற்பரப்பில் நடப்பதும் அதுதான். பற்றறியின் அழுத்தத்தை, அதாவது வோல்ற்றை, அந்த மேற்பரப்புத்தான் தீர்மானிக்கிறது. அது நிரம்பியதும் அழுத்தம் விழும், உள்ளே பாதி மணி தொடப்படாமலே கிடக்கும். ஓய்வு கொடுத்தால் புரோத்தன்கள் மெல்ல உள்ளே நகரும், மேற்பரப்பு விடுபடும். மீற்றரில் ஊர்ந்து ஏறிய எண் பெரும்பாலும் அந்த நடையைத்தான் காட்டியது. மணிக்கூடு கேட்பதோ ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு சிறு துடிப்பு, ஆகவே புரோத்தனுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது.

படுவான்கரையில் யானைக் காவலுக்குப் போகிறவர்கள் டோர்ச் பற்றறியைப் பகலில் வெயிலில் வைப்பது இதனால்தான் பலிக்கிறது. சூட்டில் புரோத்தன் வேகமாக நகரும், பசையின் தடையும் குறையும். வெயில் பற்றறியை 'சார்ஜ்' பண்ணுகிறது என்பது மட்டும் கட்டுக்கதை. புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை, உள்ளே கிடந்ததுதான் வெளியே வருகிறது. பல்லால் கடிப்பதை விட்டுவிடுங்கள், பசை வாய்க்குள் போகும்.

அதே சூடு நாகத்தையும் அரிக்கும். அரிபடும் நாகம் ஐதரசன் வாயுவை விடும், உள்ளே அமுக்கம் ஏறும், கடைசியில் அடைப்பு உடைந்து பசை கசியும். 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது வாங்கிய டோர்ச்சை அப்படியே லாச்சியில் வைத்திருந்தால், இன்றைக்கே திறந்து பாருங்கள்.

சரி, காசு விஷயம். அல்கலைன் பல மடங்கு விலை என்றாலும் பிரஷர் மெஷினுக்கு அதுதான் இலாபம். மலிவுப் பற்றறி அந்த இழுப்புக்குச் சீக்கிரம் படுத்துவிடும். மெஷின் ஒதுக்கியதை ரிமோட்டுக்கும் மணிக்கூட்டுக்கும் இறக்கிவிடுங்கள். தினமும் பிரஷர் பார்க்கிற வீடென்றால், கையேடு அனுமதித்தால், சார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றறி இன்னும் நல்லது. 1.2 வோல்ற்றுதானே என்று தயங்க வேண்டாம், அகத்தடை மிகக் குறைவு என்பதால் பம்ப் ஓடும்போதும் அழுத்தம் அவ்வளவாக விழாது. பழையதையும் புதியதையும் ஒன்றாகப் போடாதீர்கள். முதலில் தீர்ந்த பற்றறிக்குள் மற்றவை தலைகீழாக மின்னைத் தள்ளும், கசிவது அதுதான்.

எனக்கு ஒரு குறை. பற்றறிகளைச் சோதிக்கும் சர்வதேசத் தரமுறை 20 பாகை செல்சியசை வைத்துத்தான் பேசுகிறது. மட்டக்களப்பில் எந்த வீட்டு லாச்சி 20 பாகையில் இருக்கிறது? எங்கள் வெக்கையில் எந்தப் பற்றறி எத்தனை மாதம் தாங்கும் என்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகத்திலோ மாணவர்கள் அளந்து பார்க்கப் பெரிய பணம் தேவையில்லை. போகலவிலும் கஹட்டகஹவிலும் பற்றறிக்குள்ளும் சேர்க்கிற மிகத் தூய பென்சிற்கரியைத் தோண்டி ஏற்றுமதி செய்கிற நாடு, பற்றறி ஆராய்ச்சிக்குக் கையைச் சுருக்குவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கசிந்துவிட்டால் என்ன பண்ணுவது? அல்கலைன் கசிவு காரம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெள்ளைப் பூவாய்ப் படிந்திருக்கும். கையுறை போட்டு, பஞ்சில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். மலிவுப் பற்றறியின் கசிவு அமிலத்தன்மையுள்ள உப்பு, அதற்குத் தேசிக்காய் ஆகாது, அப்பச்சோடா கரைத்த தண்ணீர் வேண்டும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு, ஸ்பிரிங் கறுத்திருந்தால் சாண்ட்பேப்பரால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் புதுப் பற்றறியைப் போடலாம்.