நிழல் தோட்டத்தை மொட்டையாக்கும் அடிச்சாம்பல் நோய்

மரத்தடியிலும் சுவரோரத்திலும், வெயில் எட்டிப்பார்க்காத மூலைகளிலும் மாதக்கணக்கில் ஓயாமல் பூக்கும் செடிகள் மிகச் சிலவே. அவற்றுள் முதலிடம் பெறுவது இம்பேசியன்ஸ் வாலேரியானா. நம் காசித்தும்பையின் நெருங்கிய உறவான இச்செடி, கென்யா முதல் மொசாம்பிக் வரையிலான கிழக்கு ஆப்பிரிக்க நிலப்பகுதியிலிருந்து உலகெங்கும் பரவியது. சதைப்பற்றான தண்டும் தட்டையான ஐந்திதழ்ப் பூவும் கொண்ட இதற்குப் பல்லாண்டுகளாகப் பெரிய எதிரி எதுவும் இருந்ததில்லை. எனவேதான், பூத்துக் குலுங்கிய பாத்தி சில வாரங்களுக்குள் இலையும் பூவும் உதிர்ந்து வெறும் பச்சைக் குச்சிகளாக நின்றபோது, வளர்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. அந்த அழிவுக்குக் காரணம் அடிச்சாம்பல் நோய்.

நோயின் தொடக்கம் மிகவும் அடக்கமானது. சில இலைகள் இலேசாக வெளுக்கும். சிலவற்றில் மஞ்சள் புள்ளிகள் தோன்றும். இலையின் ஓரங்கள் கீழ்நோக்கி வளையும். பார்ப்பவர்கள் இதைச் சத்துக் குறைபாடு என்றோ சிலந்திப்பேன் தாக்குதல் என்றோ எண்ணி உரமிடுவதும் நீர் ஊற்றுவதும் இயல்பே. உண்மையை அறிய இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பரப்பில் மாவு தூவியதுபோல் வெண்மையான படலம் தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. சாதாரணச் சாம்பல் நோய் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில் படிவது. இதுவோ அடிப்பக்கத்திலேயே தங்குவதால்தான் அடிச்சாம்பல் என்று பெயர் பெற்றது. பெயரில் இருக்கும் ‘அடி’ என்ற அச்சிறு சொல், நோயறியும் முறையையே சொல்லிவிடுகிறது.

பார்வைக்குப் பூஞ்சைபோல் தோன்றினாலும் இந்நோயை உண்டாக்கும் உயிரி பூஞ்சை அன்று. அது ஊமைசீட்ஸ் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. அதன் உறவினர்கள் கடலில் வாழும் பழுப்புப் பாசிகளும் டயட்டம்கள் என்னும் ஒற்றைச்செல் பாசிகளும். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்னும் பொருள் இருக்கிறது. இவற்றின் சுவரிலோ, தாவரங்களில் இருப்பதுபோல், செல்லுலோஸ் இருக்கிறது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த உயிரியும் இத்தொகுதியைச் சேர்ந்ததே. இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. பூஞ்சைகளின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டீரால் என்னும் பொருள் உருவாவதைத் தடுத்தே பல பூஞ்சைக்கொல்லிகள் செயல்படுகின்றன. அப்பொருளைத் தானே தயாரிக்காத ஓர் உயிரியிடம் அம்மருந்துகள் பயனற்றுப்போகின்றன. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு மருந்தைத் தெளித்துவிட்டு நோய் அடங்கவில்லையே என்று வருந்துவோர் பலரின் சிக்கல் இதுதான்.

பாசிகளின் உறவு என்பதை மனத்தில் கொண்டால், அதன் வாழ்க்கை முழுவதும் தண்ணீரைச் சுற்றியே அமைந்திருப்பது புரியும். இலையின் அடிப்பக்கத்தில் தெரியும் வெண்படலம் உண்மையில் நுண்ணிய மரங்களின் தோப்பு. குளிர்ச்சியான, ஈரப்பதம் மிகுந்த இரவில், இலைத்துளைகளின் வழியாக இந்தக் கிளைத்த இழைகள் வெளியே நீள்கின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வித்துப்பை ஒன்று உருவாகிறது. விடிந்து காற்று சற்று உலரும்போது பைகள் உதிர்ந்து காற்றில் மிதக்கின்றன. அவற்றுள் ஒன்று ஈரமான வேறோர் இலையில் விழுந்தால், பை திறந்து அதற்குள்ளிருந்து நீந்தும் வித்துகள் வெளிவருகின்றன. இரண்டு கசையிழைகளைத் துடுப்புபோல் அசைத்து, இலைமேல் படிந்துள்ள பனித்துளியின் மெல்லிய நீர்ப்படலத்துக்குள் அவை நீந்துகின்றன. பின்னர் கசையிழைகளை உதிர்த்துவிட்டு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, முளைவிட்டு இலைக்குள் நுழைகின்றன. இவ்வளவும் நடந்து முடிய இலை சில மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் இன்னும் எளிது. அதற்குள் இலை காய்ந்துவிட்டால் அந்த வித்துகள் மடிந்துபோகும்.

நிழல் தோட்டம் இந்நோய்க்கு ஏன் இவ்வளவு எளிதாக இரையாகிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. இரவில் படிந்த பனி, வெயில் படும் பாத்தியில் காலையிலேயே உலர்ந்துவிடும். மரத்தடியிலோ நண்பகல் வரை நிற்கும். இடைவெளி தெரியாமல் நெருக்கி நடுவதும், மாலையில் மேலிருந்து நீர் தெளிப்பதும் அந்த ஈரத்தை மேலும் நீட்டிக்கின்றன. செடிக்காக நாம் உண்டாக்கிய குளுமை முழுவதும் அதன் பகைவனுக்கும் உகந்ததாக அமைந்துவிடுகிறது.

உள்ளே நுழைந்த உயிரி செல்களைக் கொல்வதில்லை. உயிருள்ள திசுவில் மட்டுமே அதனால் வாழ முடியும். ஆய்வகத்தின் செயற்கை ஊடகத்தில்கூட அதைத் தனியே வளர்க்க இயலாது. செல்களுக்கிடையே இழைகளாகப் பரவி, உறிஞ்சு உறுப்புகளைச் செல்களுக்குள் செலுத்திச் செடி தயாரித்த உணவைக் கவர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை வெளியே எந்த அறிகுறியும் தென்படாது. நோயைப் பரப்புவதில் இந்த மௌன இடைவெளிக்கே பெரும்பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். நலமாகத் தோன்றும் நாற்றுகளும் வெட்டுத்துண்டுகளும் வண்டியேறித் தொலைதூரம் செல்வது இந்நாட்களில்தான்.

2003-இல் பிரிட்டனிலும் 2004-இல் அமெரிக்காவிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. 2012-க்குள் அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது பரவி, மிக அதிகமாக விற்பனையான பூச்செடிகளுள் ஒன்றின் சந்தையையே உலுக்கியது. ஐரோப்பாவின் காட்டு இம்பேசியன்ஸ் இனத்தைத் தாக்கும் பிளாஸ்மோபாரா ஒப்டுசென்ஸ் என்றே தொடக்கத்தில் இதைக் கருதினர். 2017-இல் வெளியான ஆய்வு இதைத் தனி இனமாகப் பிரித்து, பிளாஸ்மோபாரா டெஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டது. டெஸ்ட்ரக்டர் என்றால் அழிப்பது என்று பொருள்.

காற்றில் பறக்கும் வித்துப்பைகளைவிட எனக்குக் கவலை தருபவை ஊஸ்போர்கள். பாலினப்பெருக்கத்தால் உண்டாகும் இந்தத் தடித்த சுவருள்ள வித்துகள் தண்டிலும் இலையிலும் உருவாகி, செடி மக்கும்போது மண்ணில் சேர்ந்து, குளிரையும் வறட்சியையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடியவை. ஆகவே நோயுற்ற செடியைத் தண்டோடும் வேரோடும், உதிர்ந்த இலைகளோடும் சேர்த்துப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், உரக்குழியில் போடலாகாது. அதே பாத்தியில் மறுபடியும் அதே செடியை நடுவதும் கூடாது. மருந்துகள் தொற்றைத் தடுக்குமேயன்றி, தொற்றிய செடியைக் குணப்படுத்துவதில்லை. ஊமைசீட்ஸ்களுக்கென்றே பயன்படும் மெட்டலாக்சில் வகை மருந்தைத் தாங்கும் நோய்க்கிருமிகளும் தோன்றிவிட்டன. நீரைக் காலை வேளையில் வேர்ப்பகுதியில் மட்டும் விடுவதும், செடிகளுக்கிடையே காற்று புகுமாறு இடம் விடுவதும் மருந்தைக் காட்டிலும் நிலையான பயன் தரும்.

இந்த உயிரி தன் ஊணைத் தேர்ந்தெடுப்பதில் மிகக் குறுகிய பார்வை உடையது என்பது தோட்டக்காரருக்கு வாய்த்த நல்வாய்ப்பு. பிகோனியாவையும் கோலியஸையும் அது தொடுவதில்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த நியூகினி இம்பேசியன்ஸும் இந்நோயைப் பெரிதும் தாங்கி நிற்கிறது. காசித்தும்பைக்கோ அந்த வலிமை இல்லை. இதற்கிடையே வாலேரியானா இனத்திலேயே எதிர்ப்புத்திறன் மிக்க செடிகளைத் தேர்ந்தெடுத்துக் கலப்பினம் செய்து, பீக்கன், இமாரா எக்ஸ்டிஆர் ஆகிய இரகங்களை விதை நிறுவனங்கள் வெளியிட்டுள்ளன. நோய் கண்ட பாத்திகளில் பழைய இரகங்கள் இலையுதிர்த்து மடியும்போது, இவ்விரகங்கள் இலையோடும் பூவோடும் நிற்கின்றன.