அச்சகத்தின் வேலைப் பலகையில் நேரம் தெரிகிறதா?

ஆடிப்பெருக்கன்று மறு ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியானதும் சிவகாசி அச்சகங்களில் பெரிய வேலைகளின் பருவம் தொடங்கிவிடும். அதற்காகச் சின்ன வேலைகள் நின்றுவிடுவதில்லை. முகூர்த்த மாதங்களுக்கான அழைப்பிதழ்கள், கடைத் துண்டறிக்கைகள், லேபிள்கள் எல்லாம் அதே ஃபோர் கலர் மெஷினில்தான் ஏறி இறங்க வேண்டும். இவற்றை வரிசைப்படுத்தச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையோ கணினியில் ஓர் எக்செல் தாளோ எப்படியும் இருக்கும். உற்பத்தித் திட்டமிடல் பணிக்காக நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை, பார்ட்டியின் பெயர், வேலையின் பெயர், டெலிவரி தேதி என ஒரு வேலைக்கு ஒரு வரி என்ற கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

மேக்ரெடிக்கு, அதாவது அச்சுத் தகடுகளான ப்ளேட்டுகளை ஏற்றி மையையும் பேப்பரையும் சரிசெய்யும் ஆயத்த வேலைக்கு, 40 நிமிடமும், அதன்பின் மணிக்கு 8,000 ஷீட் ஓட்டமும் கொண்ட ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். 1,000 ஷீட் அழைப்பிதழ் ஏழரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும்; மேக்ரெடியையும் சேர்த்தால் ஏறத்தாழ 48 நிமிடம். 96,000 ஷீட் காலண்டர் வேலைக்கு 12 மணி 40 நிமிடம் வேண்டும். பலகையில் இரண்டும் ஒவ்வொரு வரி. பத்து அழைப்பிதழ்கள் எழுதப்பட்ட நாளில் பலகை நிரம்பி வழிவதாகத் தோன்றும்; உண்மையில் அது ஒரு ஷிப்டுக்குள் அடங்கும். காலண்டர் ஒன்று மட்டும் எழுதப்பட்ட நாளில் மெஷின் காலியாக இருப்பதாக நினைத்து முதலாளி இன்னொரு பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். வாக்குத் தவறியதற்கு மிஷின்மேன் திட்டு வாங்குவார்.

ஆகவே பலகையில் நீளம் என்பது நேரத்தைக் குறிக்க வேண்டும். இது புதிய சிந்தனை அன்று. போலந்துப் பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி 1896இலேயே இத்தகைய வரைபடத்தை உருவாக்கினார். அமெரிக்கரான ஹென்றி கான்ட் 1910களில் பரப்பிய பட்டை வரைபடமே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கிடைவரிசை, இடமிருந்து வலமாக மணிக்கணக்கு, ஒவ்வொரு வேலைக்கும் அதன் நேரத்துக்கேற்ற நீளத்தில் ஒரு பட்டை, அடிப்படை இவ்வளவே.

ஆனால் அச்சகத்தில் இதை அப்படியே வரைந்தால் உடனே ஓர் இடர் வரும். வாரம் முழுவதும் தெரிய வேண்டுமென்று ஒரு மணிக்கு ஒரு சென்டிமீட்டர் ஒதுக்கினால், ஆறு நாளுக்கு 144 சென்டிமீட்டர் பலகை வேண்டும். அதில் அழைப்பிதழ் வேலை 8 மில்லிமீட்டர் பட்டையாகச் சுருங்கிவிடும். பெயர் எழுத இடமிராது. பெயர் தெரியவேண்டும் என்று சின்னப் பட்டைகளை மட்டும் நீட்டிவிடுகிறவர்கள் உண்டு; நீண்ட வேலைகளின் பட்டையைச் சுருக்கிக் காட்டும் மென்பொருள்களும் உண்டு. இரண்டையுமே நான் ஏற்பதில்லை. அளவுகோலை ஓரிடத்தில் வளைத்துவிட்டால், பார்க்கிறவர் எந்த நீளத்தையும் நம்ப முடியாமல் போய், மறுபடியும் எண்களைப் படிக்கத் தொடங்கிவிடுவார்.

பயன் தருவது இரண்டு பலகைகளாகப் பிரிப்பது. வாரப் பலகை முதலாளிக்கும் ஆர்டர் எடுப்பவருக்கும் உரியது. அதில் சின்ன வேலைகளைத் தனித்தனியே காட்டாமல், "அழைப்பிதழ் 10, 8 மணி" என்று ஒரே கட்டாக, உரிய நீளத்தில் வைத்துவிடலாம். ஷிப்டுப் பலகை மெஷின் அருகே நிற்பவருக்கு உரியது. அதில் ஒரு மணிக்குப் பத்து சென்டிமீட்டர் கொடுத்தால் எட்டு மணிநேரம் 80 சென்டிமீட்டரில் அடங்கும், 48 நிமிட வேலைக்கு எட்டு சென்டிமீட்டர் கிடைக்கும். பார்ட்டி பெயர், பேப்பர் அளவு, ஜாப் கார்டு (வேலை விவரச் சீட்டு) எண் மூன்றையும் எழுத அது போதும். காலண்டர் வேலை ஷிப்டைத் தாண்டிச் செல்லும்போது பட்டையின் வலது முனையில் அம்புக்குறி இட்டு, மீதமுள்ள ஷீட் எண்ணிக்கையை எழுதிவிட வேண்டும்.

பட்டைக்குள் மேக்ரெடிப் பகுதியைக் கோடிட்டு, ஓட்டத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதை நான் வற்புறுத்துவேன். மேலே சொன்ன பத்து அழைப்பிதழ்களில் ஓட்டம் 75 நிமிடம், மேக்ரெடி 400 நிமிடம். கோடிட்ட பகுதி இவ்வளவு நீளமாகக் கண்ணில் பட்டால்தான், ஒரே பேப்பர், ஒரே அளவு, ஒரே தனி வண்ணம் உள்ளவற்றை அடுத்தடுத்து ஓட்டலாமே என்ற யோசனை வரும். காலண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது "ஒரு சின்ன வேலைதானே, நடுவில் போட்டுக் கொடுங்கள்" என்று வரும் வேண்டுகோளுக்கும் இதுவே விடை. அழைப்பிதழுக்கு மேக்ரெடி 40 நிமிடம், ஓட்டம் ஏழரை, பிறகு காலண்டர் ப்ளேட்டுகளை மறுபடி ஏற்றி ரிஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்துவது) சரிசெய்ய இன்னும் அரைமணியாவது ஆகும். ஏழரை நிமிட ஓட்டத்துக்காக ஒன்றேகால் மணிநேரத்துக்கு மேல் போகிறது. கொடுக்கவே கூடாதென்று சொல்லவில்லை. விலை தெரிந்து கொடுக்கலாம்.

அடுத்து, பைண்டிங்கையும் அதே நேரக்கோட்டில், மெஷினுக்குக் கீழேயே ஒரு வரிசையாக வைக்க வேண்டும். ஒரு வேலைக்கு அச்சு 12 மணி, பைண்டிங் 2 மணி. மற்றொன்றுக்கு அச்சு 1 மணி, பைண்டிங் 6 மணி என்று கொள்வோம். பெரியதை முதலில் ஏற்றினால் பைண்டிங் ஆட்கள் 12 மணிநேரம் காத்திருந்து, எல்லாம் முடிய 20 மணி ஆகும். சின்னதை முதலில் ஏற்றினால் 15 மணியில் முடிந்துவிடும். இரண்டு கட்ட வேலைகளில் எதை முதலில் ஏற்றுவது என்ற விதியை அமெரிக்கக் கணிதவியலாளர் எஸ். எம். ஜான்சன் 1954இல் கணிதமாகவே நிறுவினார். ஆயினும் நம் அச்சகத்தில் யாரும் சூத்திரம் போட்டுப் பார்க்கப் போவதில்லை. பைண்டிங் வரிசையின் தொடக்கத்தில் வெற்றிடம் நீண்டு கிடப்பதைப் பார்த்தாலே பட்டைகளை இடம் மாற்றத் தோன்றும்.

இடையில் மை உலரும் நேரத்தையும் மறக்கலாகாது. சாதாரண ஆஃப்செட் மை காற்றோடு வினைபுரிந்து உலர்வதால், பின்பக்கம் அச்சிடவோ லேமினேஷன் செய்யவோ சில மணிநேரம் பொறுக்க வேண்டியிருக்கிறது. சிவகாசியின் வறண்ட காற்று ஆண்டின் பெரும்பகுதி இதற்கு உதவுகிறது. ஆனால் காலண்டர் பருவத்தின் உச்சமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேர்வதால், வேலை மிகுந்த மாதங்களில்தான் மை மெதுவாக உலர்கிறது. அந்தக் காத்திருப்பை வெறும் கோடாகவேனும் வரைந்து வைத்தால், பைண்டிங் பட்டையை யாரும் அச்சுப் பட்டையோடு ஒட்டி வைக்கமாட்டார்கள்.

வண்ணங்களைப் பற்றி ஒரு சொல். பார்ட்டிக்கு ஒரு நிறம் என்று வானவில் காட்டுவதில் பயனில்லை. தாமதம், ப்ளேட் வரவில்லை, பேப்பர் வரவில்லை என்ற மூன்று நிலைகளுக்கு மட்டும் நிறம் போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் எங்கும் இருப்பதால், நிறத்தோடு ஒரு குறியும் சேரட்டும்.

மென்பொருள் வாங்க எண்ணுகிறவர்கள், விற்பவர் கொண்டுவரும் அழகான மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, தங்கள் ஜாப் கார்டுகளிலிருந்து பத்துச் சின்ன வேலைகளையும் ஒரு பெரிய வேலையையும் உள்ளிடச் சொல்ல வேண்டும். பிறகு திரையிலிருந்து பத்தடி தள்ளி நின்று, மெஷின் எப்போது காலியாகும் என்று மிஷின்மேனைக் கேளுங்கள். அவர் திரையைத் தொடாமல், யாரையும் விசாரிக்காமல் பதில் சொன்னால் விலையைப் பேசத் தொடங்கலாம்.