ஸ்டேட்டிக் கிராஸ்: ‘நிலையான புல்’ அல்ல, நிலைமின்புல்

“நிலையான புல்லைப் பசையின் மீது தூவவும். கம்பியின் மறுமுனையைத் தரையில் வைக்கவும்.”

பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திவைக்கப் புல்வெளி அமைக்கும் பெட்டி ஒன்றோடு வந்த தமிழ்க் குறிப்புத்தாளில் இருந்த வரிகள் இவை. சொன்னபடியே செய்தேன். கம்பியின் முனையை மொசைக் தரையில் வைத்துவிட்டுப் பச்சை இழைகளைத் தூவினேன். மறுநாள் காலையில் பார்த்தால், 54 மில்லிமீட்டர் உயரமுள்ள என் காலாட்படையினர் பன்னிரண்டு பேரும், எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலைமயிர் போன்ற ஒரு பரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு புல்கூட நிமிரவில்லை. இழையிலும் குறையில்லை, பசையிலும் குறையில்லை. இரண்டு வரிகளில் இரண்டு சொற்கள் பிழை, அவ்வளவுதான் காரணம்.

அதன்பின் ‘நிலையான புல்’ என்ற தொடரைப் பொட்டலங்களின் மேல் ஒட்டிய சீட்டுகளிலும் காணொளி விளக்கங்களிலும் பலமுறை எதிர்கொண்டுவிட்டேன். இப்போது சிலர் அதைச் செப்பனிடுவதாக எண்ணி ‘நிலைப்புல்’ என்று சுருக்கியிருக்கிறார்கள். சுருங்கினால் பிழை சரியாகிவிடாது, பரவுவதற்குத்தான் எளிதாகும்.

முதலில் பொருள் எது என்று பார்த்துவிடலாம். ஸ்டேட்டிக் கிராஸ் என்பது நைலான் போன்ற செயற்கை இழையை 2, 4, 6, 12 மில்லிமீட்டர் என்று சிறு துண்டுகளாக நறுக்கிச் சாயமேற்றிய சரக்கு. இதைத் தூவும் கருவியின் வாயில் ஓர் உலோகச் சல்லடை இருக்கும். உள்ளே இருக்கும் சிறிய பேட்டரியின் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டுகளாக உயர்த்தப்பட்டுச் சல்லடைக்கு வருகிறது. கருவியிலிருந்து நீளும் கம்பியின் நுனியில் ஒரு கவ்வி. ஈரப் பசைக்குள் ஓர் ஆணியைக் குத்தி, அந்த ஆணியில் கவ்வியை மாட்ட வேண்டும். கருவியைக் குலுக்கினால், சல்லடையைத் தொட்ட இழை மின்னேற்றம் பெற்று, சல்லடையால் தள்ளப்பட்டுப் பசையை நோக்கிப் பாய்கிறது. மின்புலம் இருக்கும் திசையிலேயே இழையின் நீளவாக்கும் திரும்பிக்கொள்வதால் அது நட்டுக்குத்தலாகப் பசையில் இறங்குகிறது. பக்கத்து இழைக்கும் அதே வகை மின்னேற்றம் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி, ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்கின்றன. பசை காய்ந்ததும் புல்வெளி.

புதிய மந்திரம் எதுவும் இதில் இல்லை. உப்புத்தாளின் மணல் துகள்கள் கூர்முனை வெளியே தெரிய நிற்பதும், நகைப்பெட்டியின் உட்புறம் வெல்வெட் போல இருப்பதும் இதே முறையால்தான். மின்னேற்றிய பிசின் தட்டில் தூளைத் தூவினால் அது கிளைகிளையாகப் படிந்து உருவங்கள் காட்டும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் லிக்டன்பெர்க் 1777-இலேயே கண்டுவிட்டார். கொசு பேட்டைப் பிரித்து அதன் மின்சுற்றிலிருந்தே புல் தூவும் கருவி செய்துகொள்கிறவர்களும் உண்டு. கொசுவைப் பொரிக்கும் அந்த உயர் மின்னழுத்தம்தான் இங்கே புல்லை நிமிர்த்துகிறது.

இனிச் சொல்மூலம். ‘நிற்கச் செய்கிற’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ‘ஸ்டேட்டிக்’. ஓடும் மின்சாரத்திலிருந்து, ஓடாமல் ஒரு பொருளின் மேல் தங்கியிருக்கும் மின்னேற்றத்தைப் பிரித்துக்காட்ட அந்த அடைமொழி பயன்பட்டது. தமிழில் இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. நிலைமின்னியல் என்ற பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படிக்காமல் யாரும் வெளியே வருவதில்லை. ஸ்டேட்டிக் கிராஸ் என்ற பெயரில் இருக்கும் ‘ஸ்டேட்டிக்’ அந்த நிலைமின்தான். ஆங்கிலத்தார் பேச்சு வழக்கில் மின் என்ற பகுதியை விழுங்கிவிட்டார்கள். அவர்கள் விழுங்கியதைத் தமிழாக்குகிறவர் மீட்டுத் தர வேண்டும். கண்ணில் பட்ட பாதிச் சொல்லை மட்டும் பெயர்த்ததால்தான் புல் ‘நிலையானது’ ஆகிவிட்டது.

நிலைப்புல்லை ஆதரிப்பவர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. மூலச்சொல்லின் வேரே ‘நிற்றல்’. இந்தப் புல்லும் நிமிர்ந்து நிற்கிறது. நிலை என்பதும் நில் என்ற வினையடியிலிருந்து பிறந்தது. ஆகவே நிலைப்புல் வேருக்கு வேர் பொருந்துகிறது என்கிறார்கள். கேட்கும்போது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் நிற்பது எது? மின்னேற்றம். புல் அன்று. மின்னேற்றம் ஓடாமல் நிற்பதால் அது நிலைமின். புல் செங்குத்தாக நிற்பது அதனால் விளைந்த பயன். இரண்டு ‘நிற்றல்’களும் ஒரே பொருளில் சந்தித்தது தற்செயல். தற்செயலை வேர் என்று காட்டுவது சொல்லாராய்ச்சி ஆகாது.

அதைவிட முக்கியமானது, தமிழ் வாசகரின் காதில் ‘நிலையான’ என்ன பொருள் தருகிறது என்பது. நிலையான வைப்பு, நிலையான வருமானம், நிலையான ஆட்சி: மாறாதது, நீடிப்பது. நிலையான புல் என்றால் வாடாத புல், உதிராத புல் என்றுதான் யாரும் கொள்வார்கள். நானும் அப்படித்தான் கொண்டேன். சிறுபொம்மைக் களத்தில் எந்தப் புல்தான் வாடும்? முன்பெல்லாம் மரத்தூளுக்குப் பச்சைச் சாயமேற்றித் தூவினார்கள். நவராத்திரிக் கொலுவின் கீழே ‘பார்க்’ அமைக்கிற வீடுகளில், கேழ்வரகையோ கடுகையோ முளைக்கவிட நேரமில்லாதவர்கள் செய்வதும் அதுதான். பின்னர் அரைத்த நுரைத்தூள் வந்தது. விரிப்பாக வாங்கி வெட்டி ஒட்டும் புல்லும் வந்தது. எல்லாமே வாடாதவை, அசையாதவை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் அடைமொழியை ஒன்றுக்கு மட்டும் சூட்டினால் அது எதையும் பிரித்துக்காட்டாது. ஒரு கலைச்சொல்லுக்கு வேறு என்ன வேலை? போதாக்குறைக்கு, மற்றவையெல்லாம் விழுந்த இடத்தில் கிடப்பவை; பசையை நோக்கித் தானாகவே பாய்கிற ஒரே புல் இதுதான். அதைப் பார்த்தா அசையாதது என்று பெயரிடுவது?

இழை நிமிர்ந்து நின்றால் என்ன, படிந்து கிடந்தால் என்ன என்று கேட்கலாம். களம் அமைப்பவர்களுக்கு அது உயிர்நாடி. 1:72 அளவில் செய்த ஒரு சிப்பாயின் பக்கத்தில் 2 மில்லிமீட்டர் இழை நின்றால் அது உண்மையில் 14 சென்டிமீட்டர் மேய்ச்சல் புல். 6 மில்லிமீட்டர் நின்றால் 43 சென்டிமீட்டர்; முழங்காலளவு. 12 மில்லிமீட்டர் நின்றால் இடுப்பைத் தொடும் பயிர். 1815 ஜூன் மாதம் நெப்போலியனின் கடைசிப் போர் நடந்த, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள காத்ர் பிராவிலும் வாட்டர்லூவிலும் ரை என்னும் தானியப் பயிர் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. எதிரிப் படை எங்கே நிற்கிறது என்று தெரியாமலேயே பட்டாளங்கள் அதற்குள் நடந்தன. அந்தப் போரைப் பொம்மைகளால் சொல்கிறவர் பயிரைப் படுக்கவைத்துவிட்டால் கதையே மாறிவிடும். நிலத்தின் மெய்ம்மைக்காகத்தான் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்ன் 1830-இல் லா ஏ சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி வாட்டர்லூ களத்தை அளந்தார். 70,000-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உலோகச் சிப்பாய்களோடு அவர் அமைத்த மாதிரி 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்றும் அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் குல்ம்பாக் நகரின் பிளாசன்பர்க் கோட்டையில் ஏறத்தாழ 3 லட்சம் தகர உருவங்கள், பெரும்பாலும் தட்டையானவை, களம் களமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு பெரிய மரபு உள்ள ஒரு கலையைத் தமிழில் கொண்டுவரும்போது ஒரு சொல்லுக்காகச் சற்று நேரம் செலவழிக்கக் கூடாதா?

‘செயற்கைப் புல்’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்பவர்களும் உண்டு. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெயரை விளையாட்டு அரங்கம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. 1966-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் விரித்ததும் செயற்கைப் புல், இன்று ஹாக்கி ஆடுவதும் செயற்கைப் புல்தரையில்தான். கடையில் போய்ச் செயற்கைப் புல் கேட்டால் சுருட்டிய பாயைத்தான் கொண்டுவந்து விரிப்பார்கள்.

ஆகவே நான் சொல்வது நிலைமின்புல். இதிலும் ஒரு குறை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பசை காய்ந்த பின் அதில் மின்னேற்றம் தங்குவதில்லை. தொட்டால் அதிர்ச்சி தரும் புல்லோ என்று புதியவர் அஞ்சக்கூடும். அதற்காக ‘இழைப்புல்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்றும் சில நாள் எண்ணினேன். சொல் அழகுதான், ஆனால் எப்படி நிறுவுவது என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. நிலைமின்புல் என்று படித்தவர் கம்பி எதற்கு, கவ்வி எதற்கு என்று ஒரு கணமாவது யோசிப்பார். என் பன்னிரண்டு வீரர்களும் அந்த ஒரு கணத்தால் பிழைத்திருப்பார்கள். தூவும் கருவியைப் புல்தூவி என்கிறேன். தூவி என்றால் பழந்தமிழில் பறவையின் மெல்லிறகு. காற்றில் மிதந்து இறங்கும் இழைக்கு அந்த நினைவும் சேர்ந்துகொள்வது எனக்கு மகிழ்ச்சியே.

இந்த ஒரு சொல்லோடு முடிந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அதே குறிப்புத்தாளின் பின்பக்கத்தில் “பச்சை மந்தையைத் தூவவும்” என்று இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபிளாக்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ஆட்டு மந்தை. மற்றொன்று கம்பளிப் பிசிறைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. துணித்தூள், பஞ்சுத்தூள் என்று பொருள். அடுத்திருப்பது பசையும் கரண்டியுமாக இருக்கும்போது ஆடுகள் எப்படி வந்தன என்று மொழிபெயர்த்தவர் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான ‘பிரைமர்’, அந்தச் சொல்லின் மற்றொரு பொருளான ‘தொடக்கநூல்’ ஆகியிருந்தது. ‘கிரவுண்ட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும் மின்சுற்றின் எர்த் முனை ‘தரை’ ஆகியிருந்தது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல், அகராதியின் முதல் பொருளை எடுத்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிற பழக்கம் இது. இயந்திரம் செய்தாலும் மனிதர் செய்தாலும் அதன் விலையை வாசகர்தான் கொடுக்கிறார்.

இதில் தூய்மை பேசுகிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த ‘சிப்பாய்’ என்ற சொல்லை விரட்ட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், நல்ல தமிழ் வேர் கொண்ட நிலைப்புல் தவறான பொருள் தருவதைக் கண்டுகொள்வதில்லை. சிப்பாய் என்றால் எல்லோருக்கும் புரிகிறது; இருந்துவிட்டுப் போகட்டும். புரியாத சொல் தமிழாகவே இருந்தாலும் திருத்தப்பட வேண்டும். நிலைமின்புல் என்று எழுத மனம் வராதவர்கள் ஸ்டேட்டிக் கிராஸ் என்றே எழுதட்டும். அதனால் ஒரு களமும் பாழாகாது.

அந்தக் குறிப்புத்தாளின் இரண்டு வரிகள் இப்படி இருந்திருக்க வேண்டும்: “ஈரப் பசையில் ஓர் ஆணியைக் குத்தி, கம்பியின் கவ்வியை அதில் மாட்டுங்கள். பிறகு நிலைமின்புல்லைப் புல்தூவியில் இட்டு, பசைக்குச் சற்று மேலே பிடித்து மெல்லக் குலுக்குங்கள்.”