தையல் மெஷினுக்குள் பாதரசம் இல்லை, தயவுசெய்து பிடுங்காதீர்கள்

போன வாரம் ஓர் அண்ணனும் தம்பியும் ஆட்டோவில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் பாட்டி தைத்த சிங்கர். மிதிக்கிற ஸ்டாண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, தலையை மட்டும் பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஊசிப் பக்கத்தை மூடுகிற தகட்டைக் காணோம். ஊசியைப் பிடிக்கிற நீடில் பார் வளைந்திருந்தது, அதன்மேல் கட்டிங் பிளேயரின் பல் அச்சு. நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டும் ஸ்பிரிங்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில்.

"என்னப்பா இது?" என்றேன். தம்பி தரையைப் பார்த்தான். அண்ணன்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், இதுல சிவப்புப் பாதரசம் இருக்குமாமே. நாங்க தேடிட்டோம், கிடைக்கலை. வேற எங்கேயாவது வச்சிருப்பாங்களா?"

இந்த வருடத்தில் என் கடைக்கு இப்படி வந்த நான்காவது மெஷின் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய சிங்கருக்குள் கோடிக்கணக்கில் விலைபோகிற சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்ற இந்தப் புரளி புதிதல்ல. 2009-ல் சவுதி அரேபியாவில் பரவி, ஒரு பழைய சிங்கருக்கு 2 லட்சம் ரியால் வரை விலை பேசப்பட்டது. மொபைலை ஊசிக்குப் பக்கத்தில் வைத்தால் லைன் கட்டாகும், அப்படியானால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று ஒரு சோதனை வேறு. நம் ஊரில் இரிடியம் கலசம் விற்ற அதே கதைதான். கலசம் போய் மெஷின் வந்திருக்கிறது.

கொஞ்சம் யோசியுங்கள். பாதரசம் ஊசியில் இருக்கிறது என்கிறார்கள். ஊசி என்பது ஒடிந்தால் கடையில் வாங்கி மாட்டுகிற சாமான். உங்கள் பாட்டி தன் ஆயுளில் எத்தனை ஊசி மாற்றியிருப்பார்? தெருமுனைக் கடையில் வாங்கிய ஊசிக்குள் நூறு வருடத்துப் பாதரசம் எப்படி வந்து உட்காரும்? ஊசியில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது என்றால், அங்கே இருப்பது வார்ப்பிரும்பு, எஃகு ஷாஃப்ட், திருகுகள், காய்ந்துபோன எண்ணெய், அறுபது வருடப் பஞ்சுத் தூசி. நான் நூற்றுக்கணக்கில் கழற்றியிருக்கிறேன். ஒரு முறை இரண்டு நயா பைசா கிடைத்தது, அவ்வளவுதான். மெஷினை ஆட்டினால் உள்ளே சத்தம் வருகிறது என்பவர்களுக்கு: அது கழன்ற திருகு. சிவப்பாகப் பாதரசச் சரக்கைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடையில் லிங்கம் என்று கேளுங்கள். அதற்கு யாரும் கோடி கொடுப்பதில்லை. வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள், விஷம்.

அடுத்தது வயசு. "1851-ல செஞ்சது சார்" என்று அண்ணன் பித்தளை வில்லையைக் காட்டினார். அதில் 1851–1951 என்று இருக்கிறது. கம்பெனி தொடங்கி நூறு வருடம் ஆனதற்குப் போட்ட நினைவு வில்லை அது. அப்படியானால் மெஷின் 1951-ஐ ஒட்டியது. வேறு சில மெஷின்களில் பாபினை (அடிநூல் சுற்றுகிற உருளை) மூடும் நகரும் தகட்டில் வரிசையாகத் தேதிகள் இருக்கும். அவை காப்புரிமைத் தேதிகள், மெஷின் பிறந்த தேதி அல்ல.

உண்மையான ஜாதகம் சக்கரத்துப் பக்கம், அடித்தட்டில் பொறித்த எண்ணில் இருக்கிறது. எழுத்தில்லாத வெறும் எண் என்றால் 1900-க்கு முந்தையது. எஃப், ஒய் என்ற ஆங்கில ஒற்றை எழுத்தும், 'இ'யில் தொடங்கும் இரட்டை எழுத்தும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலைக்கு உரியவை. எண்ணைப் பட்டியலில் தேடினால் கிடைக்கிற தேதியும், அந்த எண் வரிசையை ஆலைக்கு ஒதுக்கிய தேதிதான். 1885-ல் வேலை தொடங்கிய அந்த ஆலையிலிருந்து 1913-ல் மட்டும் 13 லட்சம் மெஷின்கள் வெளியே போயின. அப்புறம் எப்படி, புரளி கிளப்புகிறவர்கள் சொல்கிற மாதிரி "உலகத்திலேயே ஒண்ணுதான்" ஆகும்?

சரி, ஆசையாக வாங்கிச் சீர்செய்ய நினைக்கிறவர்களுக்கு வருகிறேன். பழைய இரும்புக் கடையில் சக்கரம் சுற்றாத மெஷினைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பாதிக்கு மேல் மெஷின்களில் காரணம் துரு இல்லை, சமையல் எண்ணெய். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காய்ந்தால் பிசின். தேங்காய் எண்ணெய் மார்கழியில் பாட்டிலிலேயே உறைவதைப் பார்த்தும் மெஷினில் விடுகிறார்களே, என்ன சொல்ல! எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். நெருப்பு பக்கத்தில் வேண்டாம். சுத்தியலும் வேண்டாம். மூன்று நாள் ஆனாலும் பொறுங்கள். இளகியதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

தோட்டா மாதிரி நீள ஷட்டில் (பாபினை வைக்கிற கூடு) போடுகிற 27, 28 மாடல் கிடைத்தால், தகட்டை நகர்த்தி ஷட்டில் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அது தொலைந்தால் தேடி அலைவீர்கள். பழைய மோட்டார் இருந்தால் ஒயர் ரப்பர் வெடித்திருக்கும். மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

கறுப்பு உடம்பில் இருக்கிற தங்கப் பூவேலை, சிலவற்றில் ஸ்பிங்க்ஸ் (சிங்க உடம்பு, மனிதத் தலை) படம், இதெல்லாம் அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. தின்னர், ஸ்பிரிட், உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கிற நார், எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. பஞ்சில் மெஷின் எண்ணெயைத் தொட்டு, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் பழுப்பு அழுக்கு பஞ்சில் ஏறும். பஞ்சில் பொன்னிறம் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். போன பூ வராது.

பாதரசம் வாங்குகிற "பார்ட்டி" என்று யாராவது வந்து அட்வான்ஸ், டெஸ்டிங் ஃபீஸ் என்று பேச்செடுத்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டோடு மறைக்காதீர்கள்.

அந்த அண்ணன் தம்பி மெஷினுக்கு நம் ஊர் மெஷின் ஒன்றின் நீடில் பார் பொருந்திவிட்டது. நேற்று வெள்ளைத் துணியில் ஒரு சாண் தைத்தேன், தையல் நேராக விழுந்தது. ஊசிப் பக்கத் தகடுதான் கிடைக்கவில்லை. பூவேலை செய்த தகடாம். சாம்பிளுக்கு என்று பார்ட்டி வாங்கிப் போயிருக்கிறார், கூடவே 15,000 ரூபாயும்.