ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு மணி நேரப் படுக்கை

“உடம்பு அசதியா இருக்கு டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க.” கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. வாந்தி, பேதி, காய்ச்சல் எதுவும் இருக்காது. வாயால் நன்றாகச் சாப்பிடக்கூடியவர்கள்தான். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அடுத்த தெருவில் போய் ஏற்றிக்கொள்வார்கள்.

வழக்கமாக ஏற்றும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் 85 கலோரி. இரண்டு இட்லியில் ஏறத்தாழ இவ்வளவு கிடைத்துவிடும், சட்னி தனி. மீதியெல்லாம் தண்ணீர்.

ஆனால் ஏற்றிய பிறகு தெம்பாக இருக்கிறது என்கிறார்களே? அது பொய்யில்லை. பாட்டில் இறங்கி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறார். கையில் ஊசி இருப்பதால் போனைச் சரியாக நோண்ட முடியாது. “அம்மா, சாக்ஸ் எங்கே?” என்று யாரும் கூப்பிடுவதில்லை. அவரைத் தேற்றியது பெரும்பாலும் அந்தப் படுக்கைதான் என்பது என் கணிப்பு. வீட்டில் பகல் மூன்று மணிக்குக் காலை நீட்டினால் சோம்பேறி என்று பேர் வரும். கையில் ட்யூப் இருந்தால் மாமியாரே கஞ்சி கொண்டு வருவார்.

அசதி என்று வந்தால் முதலில் ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இரும்புச்சத்து இல்லாதவரிடம் சீக்கிரம் தூங்குங்கள் என்று சொல்லி என்ன பயன்? மாத்திரை வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பும் சரியாக உடம்பில் சேராது. தைராய்டு, சர்க்கரை பார்ப்போம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கும் வைட்டமின் பி12 பார்ப்போம். எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி வழிகிறவர் குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று அவர் மனைவியிடம் கேட்பேன். அவரையே கேட்டால் “சேச்சே” என்பார்.

ரிப்போர்ட் எல்லாம் சரியென்றால், அப்புறம் தூக்கக் கணக்கு. விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூக்கத்தை வரவழைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைவது தூங்கும்போதுதான். காபியும் டீயும் அதைக் குறைப்பதில்லை. அது வேலை செய்யும் இடத்தைப் போய் அடைத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஐந்து மணி நேரம் கழித்தும் குடித்த கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். ஆறு மணிக்குக் குடித்த டீக்கு இரவு பதினொரு மணிக்கும் வேலை மிச்சமிருக்கிறது. “எனக்கு காபி குடிச்சாத்தான் தூக்கமே வரும்” என்கிறவர்களிடம் வாக்குவாதம் செய்வதில்லை. ஒரு வாரம் மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள் என்பேன்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறாமல் இருப்பது நல்லது. எழுந்ததும் மொட்டை மாடியிலோ தெருவிலோ கொஞ்சம் வெளிச்சம் படும்படி நடந்தால் இரவில் தூக்கமும் நேரத்துக்கு வரும். மதியத் தூக்கம் தப்பில்லை, அரை மணிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாகப் படுத்து முதலில் எழுகிற பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். அதனால் கூட வந்த கணவரை உட்கார வைத்துக் கேட்பேன்: இரவு பாத்திரம் கழுவுவது யார், காலையில் டிபன் கட்டுவது யார்? சிலருக்கு மருந்துச் சீட்டிலேயே ‘மதியம் அரை மணி நேரம் படுக்கவும்’ என்று எழுதித் தருகிறேன். டாக்டர் எழுதிவிட்டால் வீட்டில் அது செல்லுபடியாகிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு என் சீட்டு எடுபடாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இருந்தும் கால் வீங்கி வருகிறவர்களிடம் “கடையில் ஸ்டூல் இருக்கா?” என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

சில வாரம் ஒழுங்காகத் தூங்கியும் அசதி விடவில்லை, காரணமில்லாமல் எடை குறைகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் வாருங்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வையோடு திடீர் அசதி என்றால் என் கிளினிக்குக்குக்கூட வர வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். 108-ஐ அழைத்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.